சீலியாக் நோய் உள்ள குழந்தைக்கு இரவுச் சாப்பாடு என்ன செய்வது? பிரெட், கேக் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டியதுதானா?

மகளுக்குச் சீலியாக் என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டார், இரவில் சப்பாத்தியே பழகிய வீடு, இனி என்ன சமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கும் இதே நோய்தான்; கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும். வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படி முழுக்க என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரவுச் சாப்பாட்டை நினைத்துக் கலங்க வேண்டாம். நம் பாட்டிமார் சமைத்த பலகாரங்களில் பெரும்பாலானவற்றில் கோதுமையே கிடையாது. சப்பாத்தி இருந்த இடத்தில் வேறு மாவில் ஒரு போலிச் சப்பாத்தியைக் கொண்டுவந்து வைக்க முயல வேண்டாம், அவ்வளவுதான்.

போன வாரம் எங்கள் வீட்டில் திங்களன்று அடையும் வெல்லமும், செவ்வாயன்று இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். புதன்கிழமை இடியாப்பம், தேங்காய்ப்பால். வியாழன் சாமையில் வெண்பொங்கல்; சாமைக்குத் தண்ணீர் கொஞ்சம் தாராளமாக வைத்தால் அரிசிப் பொங்கலைப் போலவே குழைந்துவிடும். வெள்ளி எலுமிச்சை சேவை, சனி கேழ்வரகு தோசையும் கறிவேப்பிலைத் துவையலும். இதில் எதுவும் நோயாளிக்கான தனிச் சமையல் இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டோம். குழந்தைக்கு அது மிகவும் முக்கியம்.

உண்மையான கவனம் வேறு இடத்தில் வேண்டும். முதலில் பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்துத் தயாரிப்பதும் கிடைக்கிறது. அதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பூண்டைத் தட்டிப் போட்டுத் தாளியுங்கள். ரசப்பொடி, சாம்பார்ப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாவற்றிலும் இந்தப் பெருங்காயம் ஒளிந்திருக்கிறது. அடுத்தது பார்லி. மால்ட் சேர்த்த சத்துபானப் பொடிகள் பார்லியில் செய்பவை என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. ரவை, சேமியா, மைதா பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மாவு மில் இன்னொரு சிக்கல். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், அந்த மாவு உங்கள் அரிசியோடு சேர்ந்துதான் வெளியே வரும். அதனால் பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் பரப்பி, கையில் பிடித்தால் ஈரம் ஒட்டாமல் உள்ளே மட்டும் இருக்கும் பதத்தில் மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன். இடியாப்பத்துக்கு லேசாக வறுக்க வேண்டும். இந்த மாவின் மென்மைக்கு மில் மாவு கிட்டே வராது. பொட்டலத்தில் வாங்குவதாக இருந்தால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்தச் சொற்களைத் தேடி வாங்குங்கள்.

இனி பிரெட், கேக். கேக் சுலபம். கோதுமையில் செய்யும்போதே மாவை அதிகம் அடிக்காதே என்றுதான் சொல்வார்கள்; குளூட்டன் இறுகினால் கேக் ரப்பராகிவிடும். எடையைத் தாங்குவது முட்டை. அதனால் பாதி கேழ்வரகு மாவு, பாதி அரிசி மாவு, முட்டை, வெல்லம், எண்ணெய் என்று கலந்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அரிசி மாவின் நறநறப்பு அந்த ஊறலில்தான் போகிறது. பேக்கிங் பவுடரைக் கடைசியில் சேருங்கள்; முன்னாலேயே போட்டால் அதன் வேகம் பாத்திரத்திலேயே தீர்ந்துவிடும்.

பிரெட்டுக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன், இன்னமும் மெனக்கெடுகிறேன். ஈஸ்ட் உண்டாக்கும் காற்றைக் கோதுமையில் குளூட்டன் வலைபோலப் பிடித்துக்கொள்கிறது. அரிசியில் அந்த வலை இல்லை. ஆனால் இட்லி எப்படி உப்புகிறது? அங்கே காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பும்தான். அதையே ரொட்டிக்குள் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்ததிலிருந்து என் ரொட்டி மாறிவிட்டது.

நான் செய்வது இது. 200 கிராம் அரிசி மாவு, 100 கிராம் மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச், 50 கிராம் கேழ்வரகு மாவு. மருந்துக் கடையில் விற்கும், வாசனையோ சர்க்கரையோ சேர்க்காத இசப்கோல் உமி 20 கிராம். தண்ணீர் ஏறத்தாழ 370 மில்லி. ஈஸ்ட் ஒரு பெரிய தேக்கரண்டிக்குக் குறைவாக, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய். கூடவே 50 கிராம் உளுந்தை ஊறவைத்து, ரொட்டிக்கான தண்ணீரிலிருந்தே எடுத்துத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். வடைக்குப் பார்ப்பதைப் போல ஒரு துளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். மிதந்து, அலுங்காமல் நின்றால் காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம். மிச்சத் தண்ணீரில் இசப்கோலைக் கலக்கினால் சில நிமிடங்களில் கூழாக இறுகிவிடும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கிளற வேண்டியதுதான். பிசைவதற்கு இதில் வேலையே இல்லை; ஈரக்கையால் நெய் தடவிய டின்னில் அமுக்கிச் சமப்படுத்துங்கள்.

பொங்க விடுவது ஒரே முறை. சென்னை வெயிலில் புத்தகம் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். சித்திரை, வைகாசியில் கண்ணெதிரே ஏறும். மார்கழியில் நிதானமாக வரும். டின்னின் விளிம்பை எட்டியதும் 200 டிகிரி சூடேறிய அடுப்புக்குள் வைத்துவிட வேண்டும். விளிம்பைத் தாண்டும்வரை காத்திருந்தால் வேகும்போது நடுவில் உட்கார்ந்துவிடும். 50 நிமிடங்களில் மேல்பகுதி நன்றாகச் சிவந்து, தட்டினால் வெற்றொலி கேட்கும்; கேட்காவிட்டால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். வெளியே எடுத்ததும் டின்னிலிருந்து கழற்றிக் கம்பித்தட்டில் முழுக்க ஆறவிடுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே களிபோல ஒட்டும். ஸ்டார்ச் இறுகுவதற்கு அந்த நேரம் தேவை.

சுவை கடை பிரெட்டைப் போல இருக்காது. லேசான இட்லி வாசமும் கேழ்வரகின் மணமும் இருக்கும். வெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள், எனக்கு இதுதான் பிடிக்கிறது.

இன்னொன்று: உங்களுக்கும் கணவருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், நெருங்கிய இரத்த உறவில் இந்நோய் வர வாய்ப்பு அதிகம். அந்தப் பரிசோதனை முடியும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முடிவு தவறாக வரலாம்.

மீந்த ரொட்டியைத் துண்டுபோட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது தோசைக்கல்லில் நெய் விட்டுச் சுட்டுத் தரலாம். அந்தக் கல் மகளுக்கென்றே வாங்கிய புதுக் கல்லாக இருக்கட்டும். சப்பாத்தி போட்ட பழைய கல்லும், மரப் பலகையும் குழவியும் வேண்டாம்.