எழுதிக்கொண்டவரின் கடன்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சட்டம் பயிலும் மாணவன். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 2025 ஜனவரியில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றி நண்பர்களோடு கடும் விவாதம் நடந்தது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை குறித்து, அலெக்சிஸ் ஜே தலைமையில் முடிந்த விசாரணைக்கு ஏழாண்டுகளும் சுமார் 18 கோடியே 60 லட்சம் பவுண்டும் செலவாகியிருக்கின்றன. அதற்குப் பிறகும், கும்பல்களாகச் செயல்பட்டவர்களைப் பற்றி இன்னொரு தேசிய விசாரணை வேண்டும் என்று எதிர்க்கட்சி கொண்டுவந்த திருத்தத்துக்கு 111 பேர் ஆதரவாகவும் 364 பேர் எதிராகவும் வாக்களித்தனர். எதிர்த்த 364 பேரும் குற்றவாளிகளின் இனத்தை மறைக்கத் துணைபோனவர்கள் என்பது என் வாதம். ஐந்தே மாதங்களில் அதே அரசு விசாரணைக்கு ஒப்புக்கொண்டதும் அதையே காட்டுகிறது. இத்தகைய ஆணையங்கள் ஆட்சியாளர்கள் காலம் கடத்தும் உத்தி மட்டும்தானா? முப்பது நாற்பது ஆண்டுப் பழைய கதைகளைக் கிளறுவதைவிட அந்தப் பணத்தைக் காவல்துறைக்குக் கொடுப்பது மேல் அல்லவா? இவ்விஷயத்தில் எந்தக் கட்சியின் எதிர்வினை நேர்மையானது?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இந்த ஒரு விஷயத்தில் பதில் தாமதமாவதை நான் சிறு பிழையாக எண்ணுவதில்லை. ஏன் என்பது கீழே வரும். முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை எண்ணிக்கொண்டே படித்தேன். கட்சி, அரசு, வாக்கு, பணம், இனம் எல்லாம் வருகின்றன. குழந்தை என்ற சொல் ஒரே ஒரு முறை, அதுவும் விசாரணையின் பொருளைச் சொல்லும் இடத்தில் மட்டும் வருகிறது. இதைக் குத்திக்காட்டவே சொல்கிறேன். உங்கள் வயதில் நியாயத்துக்காகக் கோபப்படுவதை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் கோபம் பிறரிடமிருந்து கடன் வாங்கியது. யாருக்காகக் கோபப்படுகிறோம் என்பதே அதில் மறந்துபோயிருக்கிறது.

வாக்குக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நீங்கள் வாக்களித்தவர்களின் பட்டியலைப் பார்த்திருக்கிறீர்கள், திருத்தத்தின் வாசகத்தைப் பார்க்கவில்லை. அது நிறைவேறியிருந்தால், பிள்ளைகளின் நலனுக்கென்று கொண்டுவரப்பட்ட முழு மசோதாவுமே அன்று நின்றுபோயிருக்கும். எதிர்த்தவர்களுள் பல காரணக்காரர்கள் இருந்திருப்பார்கள். இனத்தைப் பற்றியும் ஒரு வரி போதும். அரசு கேட்டுக்கொண்டபடி 2025 ஜூனில் லூயிஸ் கேசி அளித்த தணிக்கை அறிக்கை, கூட்டாகப் பிள்ளைகளைச் சீரழித்த வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக் குற்றவாளிகளின் இனம் பதிவு செய்யப்படவே இல்லை என்று சொல்கிறது. அதிகாரிகள் அந்தக் கேள்வியைக் கேட்க அஞ்சி ஒதுங்கியதை அது கண்டிக்கிறது, அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் பதிவே இல்லாத இடத்தில் அடித்துச் சொல்பவர்களும் அடித்து மறுப்பவர்களும் ஒரே இருட்டில்தான் நிற்கிறார்கள்.

'பழைய கதைகளைக் கிளறுவது' என்று எழுதினீர்களே, அங்கேதான் நான் கடிதத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நீதிபதி பீட்டர் மெக்லெல்லன் தலைமையில், நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை விசாரித்த ராயல் கமிஷன் என்ற ஆணையம், எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியே அமரவைத்துக் கேட்டது. அவர்கள் தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக இன்னொருவரிடம் சொல்வதற்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டு வயதில் நடந்ததைச் சொல்ல வாய் திறக்கும்போது அந்தப் பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது. பழையது என்று நீங்கள் தள்ளுவது அவருக்கு நேற்று இரவுதான் சொல்ல முடிந்த ஒன்று. இதே தொனியில் 2019 மார்ச்சில் பிரிட்டனில் ஒரு தலைவர் வானொலியில் பேசினார். பழைய பிள்ளைவதை வழக்குகளை விசாரிக்கச் செலவிடும் பணம் சுவரில் வாரியிறைத்த பணம் என்ற பொருளில், அச்சில் எழுதக் கூசும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். அவர் போரிஸ் ஜான்சன். நான்கு மாதம் கழித்து அவரே பிரதமரானார். உங்கள் வாதத்தை உங்களுக்கு முன்பே சொன்னவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது என் மனதில் பல மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதில் நான் ஒரு பள்ளி விடுதியில் இருந்தேன். எனக்கு அடுத்த படுக்கையில் படுத்தவன் அதிகம் பேசமாட்டான். விடுதியைப் பார்த்துக்கொண்டவர் இரவில் அவனை அழைத்துப் போவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன தெரியும் என்பதுதான் தெரியாது. ஒருநாள் நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்களை ஒவ்வொருவராக அலுவலக அறைக்குள் அழைத்தார். காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம், கழற்றிய மூடியைப் பின்னால் செருகிய ஒரு மசிப்பேனா. சொல்வதையெல்லாம் குறுக்கே பேசாமல், அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அது என்னை விட்டுப் போகவில்லை. என் நண்பன் சொன்னான், முழுவதையும் சொன்னான். அவர் அவன் தலையைத் தடவி, "எழுதிக்கொண்டேனப்பா, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம். பேனாவை மூடினாராம்.

அதற்குப் பிறகு அவன் காத்திருந்தான். அலுவலகத்திலிருந்து ஆள் வரும்போதெல்லாம் வகுப்பில் அவன் தலைதான் முதலில் நிமிரும். வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஆள் போய்விடுவார். இரண்டு மாதங்களில் அந்த விடுதிக் காப்பாளர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள். ஏன் மாற்றினார்கள், அவன் சொன்னதை நம்பினார்களா, அந்த நோட்டு என்னவாயிற்று என்று ஒருவரும் அவனிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அரையாண்டு விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோது என்னிடம் சொன்னான்: அந்த மனிதர் செய்ததைக்கூட ஒரு நோயாளியின் செயலென்று ஒதுக்கிவைக்கப் பழகிவிட்டேன், ஆனால் நல்லவராக இருந்து கேட்டுவிட்டுப் போனவரை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

ஆணையம் தேவையா இல்லையா என்று கேட்கிறீர்கள். தேவைதான். வேறு வழியே இல்லாத இடத்தில் அது ஒன்றே வழி. ஆனால் ஓர் அரசு ஆணையம் அமைக்கும்போது, ஆயிரக்கணக்கானவர்களைக் கூப்பிட்டு "சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்" என்கிறது. அந்தக் கணத்தில் அது ஒரு கடன் வாங்குகிறது. அதை அடைப்பதற்குப் பதில் சொல்வதைத் தவிர வேறு நாணயம் கிடையாது. பெரும்பாலான அரசுகள் கேட்பதில் தாராளமாகவும் கண்ணீர் சிந்துவதில் இன்னும் தாராளமாகவும் இருந்துவிட்டு, பதில் சொல்லும் இடத்தில் பேனாவை மூடிவிடுகின்றன.

பிரிட்டனையே பாருங்கள். 2014 ஜூலையில் அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே விசாரணையை அறிவித்தார். அதற்குத் தலைவராக வந்த மூவர் ஒருவர் பின் ஒருவராக விலகி, நான்காவதாக வந்தவர் அலெக்சிஸ் ஜே. 'உண்மைத் திட்டம்' என்ற பெயரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து தம் வாழ்க்கையைச் சொன்னார்கள். இறுதி அறிக்கை 2022 அக்டோபர் 20 அன்று வெளியானது. அன்றுதான் பிரதமர் லிஸ் டிரஸ் பதவி விலகலை அறிவித்தார். மதியத்துக்குள் கேமராக்கள் எல்லாம் பிரதமர் இல்ல வாசலுக்குத் திரும்பிவிட்டன. ஏழாண்டுகள் காத்திருந்து, தன் சொல்லுக்கு விடை வரும் என்று அன்று காலை தொலைக்காட்சி முன் உட்கார்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். என் நண்பனின் நிமிர்ந்த தலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அறிக்கையில் இருபதே பரிந்துரைகள்தான் இருந்தன. அவற்றின் முதுகெலும்பு, பிள்ளைகளோடு பணிபுரிபவர்கள் கொடுமையை அறிந்தால் கட்டாயம் தகவல் தரவேண்டும் என்பது. அரசின் முறையான பதில் ஏழு மாதம் கழித்து, 2023 மே மாதத்தில் வந்தது. பிறகு அந்தக் கடமையைக் குற்றவியல் மசோதா ஒன்றில் சேர்க்கப்போவதாகச் சொன்னார்கள். 2024 மே மாதத்தில் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் மசோதாவே காலாவதியானது. அறிக்கை வந்த பிறகு இருபது மாதங்கள் ஆட்சியில் இருந்தவர்கள்தான், எதிர்க்கட்சி வரிசைக்குப் போன பிறகு, நீங்கள் போற்றும் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள். புதிதாக ஆட்சிக்கு வந்தவர்களுக்கும் ஒரு வெளிநாட்டுப் பணக்காரரின் சமூக ஊடகப் பதிவுகள் கிளப்பிய புயலுக்குப் பிறகுதான் வேகம் பிறந்தது. நேர்மையான கட்சி எது என்றால், தம்பி, இதில் நான் எந்தக் கட்சிக்கும் சான்றிதழ் எழுதமாட்டேன்.

ஆள் பிடித்துத் திட்டுவதில் இதற்குத் தீர்வு இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியக் கமிஷனை அறிவித்தவர் ஜூலியா கில்லார்ட். 2018 அக்டோபர் 22 அன்று நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டவர் ஸ்காட் மாரிசன். இடையில் மூவர் பிரதமர்களாக இருந்து போனார்கள். கேட்கச் சொன்னவர் ஒருவர், கேட்டவர் வேறொருவர், பதில் சொல்லவேண்டியவர் இன்னொருவர். ஒரு மனிதரின் இரக்கத்தை நம்பி விட்டால் அது அவரோடு போய்விடும். பதில் சொல்வது சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்குள், எந்தப் பரிந்துரைக்கு என்ன முடிவு, ஏற்காவிட்டால் ஏன், ஆண்டுதோறும் எவ்வளவு நடந்தது என்று. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விசாரணைச் சட்டம் ஆணையத்துக்குச் சாட்சிகளை இழுத்துவரும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. அரசைப் பதில் சொல்ல வைக்கும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. சட்டம் படிக்கும் நீங்கள் கொதித்தெழ வேண்டிய இடம் இதுதான்.

மெக்லெல்லன் கமிஷன் இதை உணர்ந்திருந்தது. ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதில் வேண்டும், ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஆண்டறிக்கை வேண்டும் என்பதையே ஒரு பரிந்துரையாக எழுதிவைத்தது. பதிலும் 2018 ஜூனில், ஆறு மாதத்துக்குள் வந்தது. அதற்காக அந்த அரசைப் பாராட்டுகிறேன். ஆனால் உள்ளே ஒரு சொற்றொடர் இருந்தது: கொள்கையளவில் ஏற்கப்பட்டது. மத்திய அரசைச் சார்ந்த 122 பரிந்துரைகளில் 104 ஏற்கப்பட்டன, அல்லது கொள்கையளவில் ஏற்கப்பட்டன. அந்த 'அல்லது'வில்தான் பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு 2 லட்சம் டாலர் என்றது கமிஷன். திட்டம் வந்தபோது அது 1.5 லட்சம் டாலராக இருந்தது. ஐந்தாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர்கள் விண்ணப்பித்தால் தனிப் பரிசீலனை என்று ஒரு தடையும் வைத்தார்கள். பிள்ளையாக இருந்தபோது சிதைக்கப்பட்டு, அந்தச் சிதைவிலேயே தடம் மாறிச் சிறைக்குப் போனவர், 'உங்களை நம்புகிறோம்' என்று பிரதமர் சொன்ன பிறகும் தகுதியை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அயர்லாந்தில் இதைவிடக் கொடுமை. 1999இல் பிரதமர் பெர்டி ஆஹெர்ன் மன்னிப்புக் கேட்டார். ஆணையத்தின் தலைவர் நீதிபதி மேரி லாஃபாய், அரசுத் துறையின் ஒத்துழையாமையால் பணியைச் செய்ய முடியவில்லை என்று 2003இல் விலகினார். 2002இல் நிவாரணச் சட்டம் வந்தது. பணம் பெற்றவர், கொடுமை செய்தவரையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும்படி அதைப் பற்றி வெளியிட்டால் குற்றம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. வாய் திறந்தவருக்குக் கிடைத்த பதில் வாய்ப்பூட்டு. நியூசிலாந்தில் 2024 நவம்பரில் பிரதமர் மனமுருகி மன்னிப்புக் கேட்டார். ஆணையம் கேட்ட புதிய, சுதந்திரமான நிவாரண அமைப்பு வேண்டாம், இருப்பதையே கூட்டித் தருகிறோம் என்று ஆறு மாதத்தில் அதே அரசு முடிவு செய்தது.

ஒரு காட்சி மட்டும் எனக்கு ஆறுதல். ஆஸ்திரேலியாவின் பாலரட் நகரில், கொடுமை நடந்த பள்ளிகள், தேவாலயங்களின் வேலிகளில் மக்கள் வண்ண ரிப்பன்களைக் கட்டினார்கள். கழற்றப்பட்டபோது மறுபடியும் கட்டினார்கள். ஒவ்வொரு ரிப்பனும் 'கேட்டோம்' என்று ஒருவருக்குச் சொன்ன பதில். துணியாலான அந்தப் பதிலில் 'கொள்கையளவில்' என்ற சொல் இல்லை.

பணத்தைக் காவல்துறைக்குக் கொடுக்கலாமே என்ற உங்கள் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கொடுக்கட்டும், இரண்டும் வேண்டும். கிழமைதோறும் நடக்கும் குற்றத்தைக் காவல்துறை பிடிக்கட்டும். ஒரு நிறுவனம் முப்பது ஆண்டுகள் எப்படி மறைத்தது என்பதை ஆணையம்தான் வெளியே கொண்டுவரும். அதை விவரிக்க இப்போது எனக்கு மனமில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த 364 பேரின் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, 'உண்மைத் திட்ட'த்தில் பேசியவர்களின் வாக்குமூலங்கள் பெயரில்லாமல் வெளியாகியிருக்கின்றன, அவற்றில் பத்தைப் படியுங்கள். வேகமாக வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும். நடுவில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். படித்த பிறகு இதே மூன்று கேள்விகளோடு வந்தாலும் சரி, வேறு கேள்வியோடு வந்தாலும் சரி, எனக்கு எழுதுங்கள். இம்முறை மூன்று வாரம் ஆகாது.

அன்புடன்.