சேசிஸ் இல்லாத டிராக்டர்

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாரு (தாத்தா) ஓட்டிய மாஸி பெர்குசன் 35 பதினைந்து வருடமாகத் தென்னை மரத்தடியில் நிற்கிறது. அதைப் பழையபடி ஆக்க ஆசை. சேசிஸில் எது கம்பெனி போட்டது, எது நம் ஊர்ப் பட்டறையில் சேர்த்தது என்று புரியவில்லை. பக்கவாட்டில் ஏகப்பட்ட ஓட்டைகள், இரண்டு இடத்தில் பற்றவைத்த தடம். பானெட்டும் மாற்றியது என்கிறார் அப்பா. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தம்பி, முதலில் கிரைண்டரையும் வயர் பிரஷையும் எடுத்து உள்ளே வையுங்கள். நீங்கள் தேடும் அடையாளம் எல்லாம் அந்த அழுக்குக்குள்தான் இருக்கிறது.

லாரிக்கு இருப்பதுபோல சேசிஸ் என்கிற நீளச் சட்டம் இந்த வண்டிக்குக் கிடையாது. முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு, அதை ஒட்டி எஞ்சின், அப்புறம் கியர்பாக்ஸ், கடைசியில் ஹைட்ராலிக் இருக்கும் பின் ஹவுசிங். இவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியதுதான் முதுகெலும்பு. ஆகவே சட்டத்தைத் தேடாமல் வார்ப்புகளைப் பாருங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே மீட்டர் பலகையில் ஒரு சின்னத் தகடு இருக்கும். எமரித் தாள் போட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். எஸ்.டி.எம். என்று தொடங்கினால் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு டீசல் எஞ்சினோடு பிறந்த வண்டி. எஸ்.என்.எம். என்றால் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். 1959 கடைசியில்தான் பெர்கின்ஸ் வந்தது. இப்போது சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எண்ணுங்கள். தகடு எஸ்.டி.எம்., இன்ஜெக்டர் மூன்று என்றால் எஞ்சின் பிறகு மாறியது. முன்பக்கத்து ஓட்டைகளில் சில அப்போது போட்டவையாக இருக்கலாம்.

ஓட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். கம்பெனி போட்ட ஓட்டையைச் சுற்றி வார்ப்பு கொஞ்சம் மேடாக இருக்கும், அந்த மேட்டை மெஷினில் சமமாகச் சீவியிருப்பார்கள். சொரசொரப்பான வார்ப்பின் மேல் நேராகத் துளைத்திருந்தால் அது பெரும்பாலும் பட்டறை வேலை. மரையையும் பாருங்கள். கம்பெனி போல்ட் அங்குல அளவு, ஆனால் ஸ்பேனரை மட்டும் நம்பக் கூடாது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், 19-ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் ஜம்மென்று உட்காரும். மரை கேஜ் வைத்தால்தான் உண்மை தெரியும். அரை அங்குல போல்ட்டின் பெரிய மரை அங்குலத்துக்கு 13. மில்லிமீட்டர் அளவான எம் 12 போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.75 மில்லிமீட்டர். எம் 12 வந்தால் அந்த போல்ட் இங்கே போட்டது.

நிறம்தான் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. 1956-ல் இந்த வண்டி முதலில் வந்தபோது தகரம் சாம்பல் நிறம், எஞ்சினும் ஹவுசிங்கும் செம்பு நிறம். 1957 கடைசியிலிருந்து தகரம் சிவப்பு, வார்ப்பு சாம்பல். மட்கார்டு பிராக்கெட்டைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். கியர்பாக்ஸின் அடியில் எண்ணெயும் செம்மண்ணும் இறுகிய பிசுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மூங்கில் சீவலால் வழித்தெடுங்கள். அந்தப் பிசுக்குதான் இத்தனை வருடமாகப் பெயிண்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் பெருந்துறையிலிருந்து வந்த ஒரு 35-ஐ நான் அவசரப்பட்டு மணல் அடிக்க அனுப்பிவிட்டேன். பளபளவென்று திரும்பி வந்தது. எந்த நிறத்தில் பிறந்தது என்று சொல்ல ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பானெட் விஷயம் எளிது. டாஃபே டிராக்டர் கம்பெனி 1960-ல் சென்னையில் தொடங்கியதும் மாஸியோடு சேர்ந்துதான். அவர்களுடைய 1035 டிராக்டர் இதே குடும்பம் என்பதால் அதன் சாமான்களை நம் ஊரில் தாராளமாக இதில் மாட்டினார்கள். பழைய பானெட் வீட்டு அட்டாலியிலோ மாட்டுக் கொட்டகையிலோ கிடக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

பற்றவைத்த தடம் மஞ்சளாக இருந்தால் பித்தளைக் கம்பியில் ஒட்டியது, அடியில் வார்ப்பு விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். அதன் மேல் பட்டி பூசாமல், விரிசல் நீண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் என்றால் எஞ்சினைப் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் கட்டாயம் முட்டுக் கொடுங்கள்.

கேள்வி: கூடுதல் ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வார்ப்பிரும்பு ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் பக்கத்தில் வெடிக்கும். மரை போட்டுக் குட்டைத் திருகு ஒன்றை மாட்டி, மேலே சமமாக அரத்தால் தேய்த்து விடுங்கள். அப்பாரு டிரெய்லருக்காகப் போட்ட ஓட்டை எது என்று தெரிந்தால் அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.