கீழ் வரியில் கண்ணைத் தவறவிடும் கேமரா

கேள்வி: முதுகலை உளவியல் படிக்கிறேன். வாசிக்கும்போது கண் எப்படி நகர்கிறது என்று பதிவு செய்கிறேன். திரைக்குக் கீழே மேசைமேல் வைக்கும் அகச்சிவப்பு கேமராதான் கருவி. மேல் வரிகள் நன்றாக வருகின்றன, கீழ் வரிகளில் பார்வைக்குறி துள்ளுகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குக் கேலிபிரேஷனே (திரையில் சில புள்ளிகளைப் பார்க்கவைத்துக் கருவியை அவர் பார்வையோடு பொருத்துவது) தேறுவதில்லை. எத்தனை தடவை திரும்பச் செய்வது?

பதில்: திரும்பச் செய்வதை நிறுத்திவிட்டு, கேமராவில் தெரியும் கண்ணை முதலில் பாருங்கள். படம் கெட்டிருந்தால் பத்து தடவை கேலிபிரேஷன் செய்தாலும் அதே பிழைதான் வரும்.

கருவி இரண்டே இரண்டு விஷயங்களைத் தேடுகிறது: கறுத்த கண்மணி, கருவிழிமேல் விழும் அகச்சிவப்பு விளக்கின் சிறு வெண்புள்ளி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறுவதை வைத்துத்தான் பார்வை எங்கே என்று கணக்கிடுகிறது. கீழே பார்க்கும்போது மேல் இமை தானாக இறங்கிக் கண்மணியின் மேல்பாதியை மூடும். மிச்சம் தெரியும் பாதியைக் கொண்டு கருவி நடுப்புள்ளியைத் தப்பாகக் குறிக்கும். உங்கள் கீழ் வரிகளில் நடப்பது அநேகமாக இதுதான்.

அதனால் கேமரா, இமைக்கு அடியிலிருந்து கண்ணை அண்ணாந்து பார்க்க வேண்டும். திரையின் கீழ் விளிம்பை மறைக்காத அளவுக்கு, நடுவில், தாழ்வாக வையுங்கள். தாடை தாங்கியில் உட்கார்ந்தவரின் கண், திரையின் மேல் கால்பாகத்துக்கு நேராக வரட்டும். அதற்கு நாற்காலியை ஏற்றி இறக்குங்கள். கழுத்தை நீட்டி உட்காரச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தலை சரிந்துவிடும். கண்ணுக்கும் கேமராவுக்கும் 50 முதல் 60 செ.மீ. பெரும்பாலும் ஒத்துவரும், இருந்தாலும் உங்கள் கருவியின் கையேட்டில் உள்ள தூரமே முக்கியம்.

அப்புறம் ஃபோகஸ். வெண்புள்ளி மிகச் சிறியதாக, கூர்மையாகத் தெரியும்வரை லென்ஸைத் திருப்புங்கள். கண்மணியின் த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவு கறுப்பைக் கண்மணி என்று கருவி எடுத்துக்கொள்வது என்ற வரம்பை, அதிகமாக ஏற்றினால் கண்மணிக்குக் கருவி பூசிக் காட்டும் நிறம் இமைமுடியிலும் ஏறும், குறைத்தால் கண்மணியின் ஓரம் அரித்ததுபோல் ஆகும். கேலிபிரேஷனுக்கு முன் திரையின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் தவிர்ப்பது இந்த அரை நிமிட வேலையைத்தான். எந்த மூலையில் கண்மணியோ புள்ளியோ காணாமல் போகிறதோ, அங்கேதான் பிழை வரும்.

நம் கண்கள் அடர்பழுப்பாயிற்றே என்று கவலை வேண்டாம். அகச்சிவப்பில் பழுப்பு விழி வெளிர்சாம்பலாகத் தெரியும், கண்மணி மட்டும் கறுப்பாக நிற்கும். தொல்லை தருவது மஸ்காராவும் அடர்ந்த கண்மையும்தான். அவை கண்மணியைப் போலவே கறுத்துத் தெரிவதால் கருவி ஏமாறும். வரும்போது போட்டுக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, மூக்குக்கண்ணாடி. முதலில் துடைக்கக் கொடுங்கள். பிறகும் கண்மணிமேல் பெரிய வெள்ளைத் திட்டு படிந்திருந்தால், அது கண்ணாடிச் சில்லில் பட்டுத் திரும்பும் விளக்கொளி. சென்ற மாதம் ஒரு மாணவியைக் கண்ணாடியின் காம்புகளைக் காதிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கச் சொன்னேன். சில் லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்தது, திட்டு கண்மணியை விட்டு நழுவி இமைக்குப் போய்விட்டது. காம்புக்கடியில் பஞ்சு வைத்து அப்படியே நிறுத்தினோம். அது உதவாத இடத்தில் கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள்.

ஜன்னல் திரையையும் இழுத்து மூடுங்கள், வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. கேலிபிரேஷன் திரையின் பின்னணி, வாசிக்கப்போகும் பக்கத்தின் அதே வெளிச்சத்தில் இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் செய்துவிட்டு வெள்ளைப் பக்கத்துக்குப் போனால் கண்மணி சுருங்கும், கணக்கிடும் இடமும் நகரும்.

கேலிபிரேஷனுக்குப் பின் செய்யும் சரிபார்ப்பில் சராசரிப் பிழை பார்வைக் கோணத்தில் 0.5 டிகிரிக்குள், எந்தப் புள்ளியிலும் 1 டிகிரிக்கு மேல் போகாமல் வந்தால் பதிவைத் தொடங்கலாம். கண்ணிலிருந்து 57 செ.மீ. தூரத்தில் 1 டிகிரி என்பது திரையில் 1 செ.மீ. உங்கள் வரிகளுக்கிடையே அதற்கும் குறைவான இடைவெளி இருந்தால், எந்த வரியை வாசிக்கிறார் என்று கருவியால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வரிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.