சாஃப்ட்வேர் ரேடியோ என்றால் என்ன, எங்கே தொடங்குவது?

வானொலி நிலையத்தைப் பிரித்தெடுக்கும் வேலையை மின்சுற்றுக்குப் பதில் கணினி நிரல் செய்தால் அது சாஃப்ட்வேர் ரேடியோ. சாதாரண ரேடியோ அச்சு முறுக்கு மாதிரி, வேறு வடிவத்துக்கு வேறு தட்டு வேண்டும். இது கைமுறுக்கு, மாவு ஒன்றுதான், சுற்றுவது உங்கள் விரல்.

டிவி பார்க்க வந்த, கணினியின் யுஎஸ்பியில் செருகும் ஆர்டிஎல் டாங்கிள், சிக்னலை விநாடிக்குச் சுமார் 24 லட்சம் முறை அளந்து எண்களாகத் தரும். எண்ணாகிவிட்டால் வடிகட்டுவதும் ஒலியாக்குவதும் வெறும் கணக்கு. அதே டாங்கிளில் எஃப்எம் கேட்கலாம், வாகைக்குளத்தில் (தூத்துக்குடி விமான நிலையம்) இறங்கும் விமானம் தன் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னலையும் படிக்கலாம்.

முதலில் ஜிஎன்யூ ரேடியோ என்ற இலவச மென்பொருளில் எஃப்எம் ரிசீவர் கட்டுங்கள். பாளையங்கோட்டையில் என் அறைக்குள் ஒரே இரைச்சல்தான், ஆன்டெனாவாக 75 செ.மீ. கம்பியை மொட்டைமாடிக்கு ஏற்றினேன், பாட்டு தெளிந்தது.

எல்லாம் மென்பொருள்தானே, ஆன்டெனா எதற்கு என்று கேட்பார்கள்: வந்து சேராத சிக்னலை எந்த நிரலும் மீட்டுத் தராது.