"அழவே மாட்டேன் என்கிறான் மிஸ்": பச்சைப்பிள்ளை பற்றிய கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் மலையகத் தோட்டப் பகுதிகளில் இருபத்தாறு வருடம் மிட்வைஃபாக வேலை செய்தவள் நான். பிறந்து 28 நாள் ஆகாத பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மிஸ், மகனுக்கு 12 நாள். நேற்றிலிருந்து பாலுக்கு அழவே இல்லை. எழுப்பினால் இரண்டு வாய் இழுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். காய்ச்சல் இல்லை. மாமி "சமத்துப் பிள்ளை" என்கிறார். (பொகவந்தலாவை)

தங்கச்சி, இதை வாசித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நாளைக் காலை வரை பார்க்க வேண்டாம்.

இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். நன்றாகக் குடித்த பிள்ளை குடிப்பதை நிறுத்தினால், உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். இரத்தத்தில் கிருமி பரவினாலும் பச்சைப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. உடம்பு குளிர்ந்துகூடப் போகும்.

ஒரு மழைக்காலத்தில் தோட்டத்தின் மேல் டிவிஷனில் (மேல் பிரிவில்) உள்ள லயம் ஒன்றுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போயிருந்தேன். ஒன்பது நாள் பிள்ளையைப் பாட்டி இரண்டு கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். "தங்கமான புள்ளைங்க மிஸ், அழுகையே கிடையாது" என்றார். கம்பளியை விலக்கி வயிற்றைத் தொட்டேன். பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீர்) மாதிரி சில்லென்று இருந்தது. கையைக் கழுவிவிட்டுச் சுண்டுவிரலை வாயில் வைத்தேன். சுகமான பிள்ளை உடனே கவ்வி இழுக்கும். அந்தப் பிள்ளையின் நாக்கு அசையவே இல்லை. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். பிள்ளை பிழைத்தது. முந்தின நாள் காலையிலிருந்தே குடிக்கவில்லை என்று தாய் வழியில்தான் சொன்னாள். அதற்கு முந்தைய தடவை அந்த வீட்டுக்குப் போனபோது "காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள்" என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். பால் குடிக்காவிட்டால் வரச் சொல்லவில்லை. அந்தத் தவறு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூச்சு வேகமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா? சிலநேரம் நிறுத்தி நிறுத்தி விடுகிறாள். (நுவரெலியா)

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்திவிட்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஃபோனில் நேரம் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தவறிவிடும், ஏனென்றால் பச்சைப்பிள்ளையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. ஐந்து பத்து விநாடி நின்று திரும்பத் தொடங்குவது சகஜம். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். திரும்பவும் அப்படியே வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே ஆழமாகக் குழி விழுந்தாலோ, முனகினாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே தூக்குங்கள்.

எங்கள் பக்கம் பனி அதிகம். எவ்வளவு சுற்றினாலும் கால் குளிர்கிறது. காம்பராவில் கரி நெருப்பு வைக்கலாமா? (கந்தப்பளை)

வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரிப்புகை உயிரையே எடுத்துவிடும். கம்பளியை விடத் தாயின் மேல்சூடுதான் நல்லது. பிள்ளைக்குத் தொப்பியும் நாப்பியும் மட்டும் போட்டு, உங்கள் வெறும் நெஞ்சில் படுக்கவைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் பயம் இல்லை. வயிறும் நெஞ்சும் குளிர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். அக்குளில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 35.5 பாகைக்குக் கீழே போனாலும் ஆபத்து, 37.5 அல்லது அதற்கு மேலே போனாலும் ஆபத்து. அதிகமாகச் சுற்றியதால் சூடு ஏறியிருக்கும் என்று வீட்டில் முடிவுகட்டி, பனடோல் கொடுத்து வைத்திருக்காதீர்கள்.

நான்காம் நாளிலிருந்து கண்ணும் முகமும் மஞ்சள். காலை வெயிலில் காட்டினால் போதுமா? (மஸ்கெலியா)

இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, முகத்தோடு நின்று, பிள்ளையும் நன்றாகக் குடித்தால் பெரும்பாலும் தானாகக் குறையும். இருந்தாலும் மிட்வைஃபிடம் காட்டிவிடுங்கள். பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெயில் இதற்கு வைத்தியம் ஆகாது. வார்டில் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள். மஞ்சள் மூளையில் ஏறிவிட்டால் அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

இன்னொன்று. 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் இருந்தால் நாப்பியைப் பாருங்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தும், சிறுநீர் மஞ்சளாகக் கறை படிந்தும் இருந்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சையை முதல் இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

தொப்புளில் சாம்பலும் எண்ணெயும் வைக்கச் சொல்கிறார் அம்மாயி. (ஹப்புத்தளை)

அம்மாயி அன்பாகத்தான் சொல்கிறார், ஆனாலும் வைக்காதீர்கள். காய்ந்தபடி விட்டால் தானாக விழும். சுற்றியுள்ள தோல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காட்டுங்கள்.

விக்கல், தும்மல், பெண்பிள்ளைக்கு நாப்பியில் துளி இரத்தம். பயப்பட வேண்டுமா?

விக்கலுக்கும் தும்மலுக்கும் பயம் வேண்டாம். முதல் வாரத்தில் பெண்பிள்ளைக்கு அப்படித் துளி இரத்தம் படுவது தாயின் ஹோர்மோனால். நிற்காமல் வந்தால் காட்டுங்கள். பிள்ளையின் மார்பு வீங்கியிருந்தால் பிதுக்காதீர்கள். ஆனால் வாந்தி பச்சை நிறமாக இருந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம், உடனே கிளம்புங்கள். கையோ காலோ ஒரே மாதிரி வெட்டி வெட்டி இழுத்து, நீங்கள் பிடித்தாலும் நிற்காவிட்டால் அது வலிப்பு, அதற்கும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மந்திரிக்க வேண்டுமானால் பிள்ளை தேறி வந்த பிறகு மந்திரியுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு இப்படி ஆனால் என்ன செய்வது? ஓட்டோவும் வராது. (அக்கரப்பத்தனை)

1990க்கு அழையுங்கள் தம்பி. சுவசெரிய ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், வண்டி எதுவரை ஏறும் என்பதைச் சொல்லுங்கள். லயம் வரை வண்டி ஏறாவிட்டால் இரண்டு பேர் டோர்ச்சோடு ரோட்டுக்கு இறங்கி நில்லுங்கள். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். குடித்தால் வழியிலும் பால் கொடுக்கலாம். துவண்டு கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிளினிக் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.