இரும்புக்கை மாயாவி முத்ரிகா பஸ்ஸில் ஏறிய கதை

கேள்வி: சின்ன வயதில் பார்த்த சினிமா, டிவி, படித்த காமிக்ஸ் இவற்றில் இன்றைக்கும் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது?

அட்டை இல்லாத ஒரு முத்து காமிக்ஸ். கடைசிப் பக்கங்களும் கிடையாது. டிவி ராமாயணத்துக்குத் தெருவே வெறிச்சோடியதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் நான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. டெல்லி ஆர்.கே. புரத்தில் இரண்டாவது மாடி குவார்ட்டர்ஸ். தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான், படியிறங்கினால் ஹிந்தி. லோதி எஸ்டேட், மந்திர் மார்க் பக்கமெல்லாம் தமிழ்ப் பள்ளிகள் உண்டு. என்னைச் சேர்த்தது வீட்டுக்கு நாலு எட்டில் இருந்த வேறு பள்ளியில். அங்கே ஹிந்தி, இங்கிலீஷ், அப்புறம் சம்ஸ்கிருதம். ஆக ஒன்பது வயதுவரை எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. குமுதம் வந்தால் ஜோக்குக்குப் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் என்னம்மா சொல்றான்?" என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுப்பேன். அம்மா சொல்லி முடிப்பதற்குள் ஜோக் செத்துவிடும்.

1985 கோடை விடுமுறையில் எல்.டி.சி. (அரசு ஊழியர்களுக்கான விடுமுறைப் பயணச் சலுகை) போட்டு ஊருக்குப் போனோம். சாத்தூரில் மாமா வீடு. அங்கே கட்டிலுக்கு அடியில் அத்தான் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய காமிக்ஸ் வைத்திருந்தார். முத்து, லயன், ராணி என்று எல்லாம் கலந்து கிடக்கும். சிவகாசி கூப்பிடு தூரம் என்பதாலோ என்னவோ, அந்த ஊர்ப் பையன்களுக்கு காமிக்ஸ் என்பது தீப்பெட்டி, பட்டாசு மாதிரி உள்ளூர்ச் சரக்கு. கிளம்பும் அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு, இருப்பதிலேயே கிழிந்த ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். அட்டை இல்லை, கதையின் பெயர் தெரியாது. "மாயாவிடா, பத்திரம்" என்றார். அவ்வளவுதான்.

பத்திரம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸ் கூடூர் தாண்டுவதற்குள் சாப்பாட்டுக் கடை விரித்தாகிவிட்டது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. கொண்டுவந்த வாழையிலை போதவில்லை. நான் மேல் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா கைக்கு எட்டியதை எடுத்துப் பின்னாலிருந்து நாலு தாளைக் கிழித்து, எதிர் பெர்த்துக் குழந்தைகளுக்கும் சேர்த்து இட்லி வைத்துக் கொடுத்துவிட்டாள். அவள் கணக்கில் அது பழைய பேப்பர். காலையில் நான் போட்ட கூச்சலில் அந்தப் பெட்டியே எழுந்துகொண்டது. அதுவரை பாதிக் கதைதான் படம் பார்த்திருந்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அம்மா எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள் என்பது என் சந்தேகம். பாடப்புத்தகமெல்லாம் இல்லை. மாயாவிதான் பாடம். "இ-ரு-ம்-பு", விரலை வைத்து நகர்த்து, "க்-கை". ஒரு சிக்கல் என்னவென்றால் அது எழுபதுகளில் வந்த இதழ். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்துகொண்டு நிற்கும் காலத்து எழுத்து. எனக்கு அது தெரியாது, அதுதான் தமிழ் என்று கற்றுக்கொண்டேன். அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு முதல் கடிதம் எழுதினேன். "இல்லை" என்ற வார்த்தை வரும் இடமெல்லாம் தும்பிக்கை. தாத்தா அதை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டியிருக்கிறார், "டெல்லியிலே இருக்கிற பேரன் எங்க காலத்து எழுத்து எழுதுறான் பாருங்க" என்று. எழுதக் கற்றுக்கொடுத்தது ஒரு இரும்புக்கை என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

தெரியாதவர்களுக்காக: மாயாவி ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்தவன். அந்த இடத்தில் இரும்புக்கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மொத்தமும் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். அந்தரத்தில் ஒரு கை தனியாக வந்து கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும். ஒன்பது வயதுக்கு வேறென்ன வேண்டும்? முத்து காமிக்ஸ் 1972-இல் இவனை வைத்துத்தான் கடையையே திறந்தது. அசல் இங்கிலாந்துச் சரக்கு. வேலியன்ட் என்ற வாரப் பத்திரிகையில் 1962-இல் தொடங்கிய தொடர், வரைந்தவர் ஹெசூஸ் ப்ளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு என்னிடம் யாராவது மாயாவி வெள்ளைக்காரன் என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். சாத்தூர்க்காரன் என்றே நினைத்திருந்தேன்.

கீழ் வீட்டில் பப்பு. என் வயது, பஞ்சாபிப் பையன். அவனிடம் சாச்சா சௌத்ரி கட்டுக்கட்டாக இருக்கும். பிராண் வரைந்த அந்தச் சிவப்புத் தலைப்பாகைக் கிழவருக்கு மூளை கம்ப்யூட்டரைவிட வேகம். கூட இருக்கும் சாபு வியாழன் கிரகத்து ராட்சசன், அவனுக்குக் கோபம் வந்தால் எங்கோ ஒரு எரிமலை வெடிக்கும். மத்தியான வெயிலில் வெளியே விடமாட்டார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து நான் அவனுடையதைப் படிப்பேன். பதிலுக்கு மாயாவியை அவனுக்கு ஹிந்தியில் சொல்ல வேண்டும், அதுதான் ஒப்பந்தம். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சொல்வேன். சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் மிச்சமிருக்கும் பக்கத்தில் மாயாவி ஒரு மின்கம்பியை நோக்கிக் கையை நீட்டுகிறான். அத்தோடு தாள் கிழிந்திருக்கும். "ஃபிர்?" என்பான் பப்பு.

அப்புறம் என்ன, நானே அடித்துவிட்டேன். எங்கள் கதையில் மாயாவி டெல்லிக்கு வந்துவிட்டான். கரண்டுக்குப் பஞ்சமே இல்லை, பப்பு வீட்டு ஏர்கூலரின் தகரத்தைத் தொட்டால் போதும். (ஈரக்கையோடு அதைத் தொட்டு 'ஷாக்' வாங்காத பையன் அன்றைக்கு டெல்லியிலேயே கிடையாது.) ஆள் மறைந்து, வில்லனைத் துரத்திக்கொண்டு ரிங் ரோட்டைச் சுற்றும் முத்ரிகா பஸ்ஸில் ஏறிவிடுகிறான். நல்ல கூட்டம். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு இரும்புக்கை மட்டும் தொங்குகிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வருகிறார். யாரிடம் கேட்பது? இந்த இடத்தில் பப்பு சேர்த்ததுதான் உச்சம். காற்றிலிருந்து கனத்த குரலில் ஒரே ஒரு வார்த்தை வருகிறது: "ஸ்டாஃப்!" டெல்லி பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், காசு கொடுக்க மனமில்லாத மாணவர் முதல் ரவுடிவரை எல்லோரும், தானும் பஸ் ஊழியர்தான் என்ற அர்த்தத்தில் சொல்லும் மந்திரம் அது. கண்டக்டரும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்.

டிவியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். காமிக்ஸை நூறு தரம் திருப்பிப் படிக்கலாம். டிவியில் தமிழ் எங்களுக்கு ரேஷன்தான். சென்னையில் இருந்தவர்கள் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பற்றி உருகும்போதெல்லாம் எனக்குச் சற்று வயிறு எரியும். எங்களுக்குச் சித்ரமாலா. பல மொழிப் பாட்டுகள் கலந்து வரும், அதில் தமிழ் ஒன்று வந்தால் அதிர்ஷ்டம். வங்காளம், மராத்தி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா அடுப்படியில் இருப்பாள், காது மட்டும் இங்கே. தமிழ்ப் பாட்டின் முதல் இசைத்துணுக்கு விழுந்ததும் கரண்டியோடு ஓடிவந்து கதவோரம் நிற்பாள். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம். கீழேயிருந்து பப்பு கத்துவான்: "தேரா கானா ஆ கயா!" (உன் பாட்டு வந்துடுச்சு!) நான் மொட்டைமாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவேன். அதனால் நான் பார்த்ததைவிட மாடியிலிருந்து கேட்டதுதான் அதிகம். பாதியில் வெட்டிவிட்டு அடுத்த மொழிக்குப் போய்விடுவார்கள். மிச்சச் சரணத்தை அம்மா அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவும்போது பாடி முடிப்பாள்.

ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படம். மொழிகள் ஆங்கில அகரவரிசையில் வரும். அஸ்ஸாமியில் ஆரம்பித்தால் தமிழ் வாலில். மாதக்கணக்கில் காத்திருந்து, சாப்பாட்டை முன்கூட்டியே முடித்து, தெருவில் இருக்கும் நாலு தமிழ்க் குடும்பமும் எங்கள் ஹாலில் கூடினால், வருவது விருது வாங்கிய படம். நாங்கள் எதிர்பார்த்தது ரஜினியை. திரையில் ஒருவர் பத்து நிமிடம் பேசாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பார். பெரியவர்கள் மரியாதைக்காகப் பார்த்தார்கள், நாங்கள் தூங்கிப்போனோம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்பவர்கள் இதையும், வேறு வழியில்லாமல் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்த க்ருஷி தர்ஷனையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். கோதுமைக்கு எப்போது யூரியா போட வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஓரளவு தெரியும், வயல்தான் இல்லை.

ரஜினி வேண்டுமென்றால் விசிஆர் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு மூன்று படம், வீட்டுக்கு வீடு பணம் பிரித்து. கேசட்டில் படத்தின் அடியில் வளைகுடா நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும், கதாநாயகி அழும்போதும் விடமாட்டான்.

ராமாயணம் 1987 ஜனவரியில் ஆரம்பித்தது. ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. ஆதாரமாகக் கொண்ட நூல்களின் பட்டியலில் கம்பராமாயணமும் உண்டு. அதைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், ஏதோ அவரே எழுதிக்கொடுத்த மாதிரி. மற்றபடி இரண்டு அம்புகள் நடுவானில் சந்திக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் வீட்டுப்பாடமே முடித்திருக்கிறேன்.

ஆனால் மால்குடி டேஸ் வேறு. ஆர்.கே. நாராயண் கதைகளை ஷங்கர் நாக் கர்நாடகத்து ஆகும்பேயில் போய் எடுத்த ஹிந்தித் தொடர். எல். வைத்தியநாதன் இசை, ஆர்.கே. லக்ஷ்மண் கோட்டோவியங்கள். ஸ்வாமி என்றொரு பையன். வீட்டில் பாட்டி, கூட்டாளிகள் பெயர் மணி, ராஜம். எல்லாம் நம்ம பெயர்கள். நெற்றியில் விபூதி, ஆனால் வாயைத் திறந்தால் ஹிந்தி. தெற்கே இருந்தவர்களுக்கு அது உறுத்தியிருக்கலாம். பப்புவும் கேட்டான், "இவங்க மதராஸின்னா எதுக்கு ஹிந்தி பேசறாங்க?" எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. நானும் அப்படித்தானே இருந்தேன்! வீட்டில் விபூதி, படிக்கட்டில் ஹிந்தி. டிவியில் என்னைப் போல ஒருவனைப் பார்த்தது அப்போதுதான்.

சரி, காமிக்ஸுக்கு வருகிறேன். அந்தக் கிழிந்த புத்தகம் மூன்று குவார்ட்டர்ஸ் மாறியதில் எங்கோ போய்விட்டது. 2012-இல் லயன்–முத்து இதழ்கள் மறுபடி சூடுபிடித்தபோது சந்தா கட்டினேன். மாயாவியின் பழைய கதைகளும் மறுபதிப்பாக வர ஆரம்பித்தன. ஒருநாள் டெல்லி துவாரகாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த பார்சலைப் பிரித்து நடுவில் புரட்டினால், கம்பியை நோக்கி நீளும் கை. அதே கட்டம். அம்மா விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே வரி, தும்பிக்கை மட்டும் இல்லாமல்.

நின்றபடியே மிச்சத்தைப் படித்தேன். எட்டே பக்கம். மாயாவி மறைகிறான், சண்டை போடுகிறான், வில்லன் மாட்டுகிறான், முற்றும். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுக்காடா முப்பது வருஷமா என்னைத் திட்டினே? அன்னிக்கு இட்லியாவது நன்னா இருந்தது" என்றாள்.

பப்பு இப்போது சண்டிகரில் இருக்கிறான், தலையில் முடி இல்லை. ராத்திரி போன் போட்டு, கதையின் நிஜ முடிவு கிடைத்துவிட்டது என்று ஒரு கட்டம் விடாமல் ஹிந்தியில் சொன்னேன், பழைய ஒப்பந்தப்படி. முழுக்கக் கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நஹி யார்," என்றான். "புத்தகத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அவன் 'ஸ்டாஃப்' என்று சொல்லிவிட்டு மூல்சந்த் ஸ்டாப்பில் இறங்கினான். நான் கூடவே இருந்தேனே."