இரண்டு வயது தாண்டியும் பேச்சில்லை: டர்பனில் முதலில் எங்கே போவது?

கேள்வி: மதுரையிலிருந்து கல்யாணமாகி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள் நான். மகனுக்கு 26 மாதம். சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மூன்று சொற்களும் நின்றுபோய்விட்டன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் மேளம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு கதறினான். "இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், பொறு" என்கிறார் மாமியார். க்ரெஷ் (பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்) டீச்சர் வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார். ஆட்டிசமா என்று யாரிடம் காட்டுவது? எங்களுக்கு மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கிடையாது.

பதில்: பொறுக்க வேண்டாம். இந்த வாரமே அரசு கிளினிக்குக்குப் போங்கள்.

தாமதமாகப் பேசி, பிறகு மற்ற பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளும் குழந்தைகள் உண்டு. உங்கள் மாமியார் சொல்வது பொய்யல்ல. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளை பேச்சு வராவிட்டாலும் கூப்பிட்டால் திரும்பும். வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிவிட்டு, 'நீயும் பார்த்தாயா' என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். உங்கள் மகனிடம் அந்தச் சுட்டுதல் இல்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது வந்த சொற்கள் போனதுதான். எந்த வயதிலும் கற்ற திறன் கைவிட்டுப் போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கிளினிக்கில் முதலில் இதைச் சொல்லுங்கள்.

போகும்போது குழந்தையின் தடுப்பூசியும் வளர்ச்சியும் பதியும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துப் போங்கள். தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதில் வளர்ச்சியைக் குறிக்கும் பக்கமும் உண்டு, 18 மாதத்துக்கான கட்டமும் உண்டு. அது காலியாக இருந்தால் நிரப்பித் தரச் சொல்லுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவம் இலவசம். 1994-இல் வந்த இந்த உரிமை பிறகு தேசிய சுகாதாரச் சட்டத்திலும் இடம்பெற்றது. "பார்க்கலாம், மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று நர்ஸ் சொன்னால், பணிவாக ஆனால் விடாமல், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ரெஃபரல் லெட்டர் கேளுங்கள். உங்கள் பகுதிக்கு ஆர். கே. கான் மருத்துவமனை. இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு நேராகப் போக முடியாது, அடுத்த படியாக ஆர். கே. கான் மருத்துவர்கள்தான் அனுப்ப வேண்டும்.

ரெஃபரலில் மூன்று பேர் வேண்டும்: செவித்திறன் பரிசோதகர், பேச்சுப் பயிற்சியாளர், குழந்தை மருத்துவர். மேளத்துக்குக் காதைப் பொத்தியவனுக்குக் காது பரிசோதனை எதற்கு என்று தோன்றும். பெருஞ்சத்தம் கேட்டும் மெல்லிய பேச்சொலி கேட்காமல் இருக்கலாம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தாலே அப்படி ஆகும். அப்படி இல்லை என்று உறுதி செய்யாமல் மேலே போவது சரியல்ல.

ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையோடு விளையாடி, கவனித்து, உங்களிடம் நெடுநேரம் கேட்டுத்தான் முடிவு சொல்வார்கள். முதலில் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலைத் தரக்கூடும். அது 16 முதல் 30 மாதம் வரைக்கானது, உங்கள் மகன் இன்னும் அந்த வயதுக்குள் இருக்கிறான். மூன்றுக்குக் கீழே மதிப்பெண் வந்தால் ஆபத்து குறைவு, எட்டும் அதற்கு மேலும் வந்தால் நேரே முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும், இடைப்பட்டால் இன்னும் சில கேள்விகள் கேட்பார்கள். இது சல்லடைதான், தீர்ப்பு அல்ல.

புது இடத்தில் குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்வான். அதனால் போனில் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து வையுங்கள்: கூப்பிடும்போது, சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, அப்பா வேலையிலிருந்து வரும்போது. சொற்கள் இருந்த காலத்து வீடியோ இருந்தால் அது பொன்.

தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது, இருக்கும் ஆட்டிசம் கூடவும் செய்யாது. பாட்டியோடு தமிழில்தான் அவன் உறவு. தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் அவர் பேசப்போனால் பேச்சே குறைந்துவிடும், கொஞ்சலும் போய்விடும். இப்போது அவனுக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான். பரிசோதிப்பவருக்கு அநேகமாகத் தமிழ் தெரியாது. அவன் "தா" என்று கேட்டிருந்தாலும் அவர் காதில் வெறும் ஒலியாகத்தான் விழும். எந்தச் சொல்லை, எதற்காக, எத்தனை மாதத்தில் சொன்னான், எப்போது நிறுத்தினான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் காத்திருப்பு நீளும். அந்த மாதங்களைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஆட்டிசம் என்ற பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டிலேயே இன்றைக்கே தொடங்கலாம். நம் பருப்புக் கடையும் விளையாட்டு இதற்கென்றே செய்தது போலிருக்கும். எதிரே, அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். உள்ளங்கையில் முழங்கையால் கடையுங்கள், விரல் விரலாகச் சோறு கொடுங்கள், நண்டு ஊர்ந்து கக்கம் வரை போகட்டும். கிச்சுக் கிச்சு மூட்டுவதற்கு முன் நில்லுங்கள். பேசாமல் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். அவன் கண்ணைத் தூக்கிப் பார்த்தாலோ, கையை இழுத்தாலோ, ஒரு சத்தம் போட்டாலோ அதையே 'இன்னும் வேணும்' என்று எடுத்துக்கொண்டு உடனே மூட்டுங்கள். சக்கரம் சுற்றுகிறானா, பிடுங்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு காரை வைத்து நீங்களும் சுற்றுங்கள். அவன் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடிதான் உங்களுக்கு வேண்டியது.

ஆட்டிசத்தைக் 'குணப்படுத்துகிறோம்' என்று உடலிலிருந்து உலோகம் எடுக்கும் மருந்து, ஸ்டெம் செல் ஊசி விற்பவர்களிடம் போகாதீர்கள். 2005-இல் அமெரிக்காவில் இப்படி உலோகம் எடுக்கும் சிகிச்சையின்போது ஒரு சிறுவன் இறந்தே போனான். தனியாரிடம் போவதாக இருந்தால், மருத்துவத் தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஹெச்பிசிஎஸ்ஏ-வின் பதிவு எண் கேட்டுப் பாருங்கள். டர்பனில் ஆக்‌ஷன் இன் ஆட்டிசம் என்ற அமைப்பு இருக்கிறது. தேசிய அளவில் ஆட்டிசம் சவுத் ஆப்பிரிக்கா இருக்கிறது. முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் அளவுக்கு இருந்தால், மருத்துவர் சான்றோடு, அரசு உதவித்தொகைகளைத் தரும் சாஸா அலுவலகத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான கேர் டிபென்டன்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

மாரியம்மனுக்கு வேண்டுதல் இருந்தால் இருக்கட்டும். அடுத்த முறை மேளத்துக்கு எட்டத் தள்ளி நின்று கும்பிடுங்கள், காதுக்கு ஹெட்போன் மாட்டுங்கள். மருத்துவமனைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். தன் மகன் தாமதமாகப் பேசியதை நேரில் கண்டவர் அவர். அப்பா எப்போது நடந்தார், எப்போது பேசினார், சொந்தத்தில் யாருக்கு இப்படி இருந்தது என்று மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்.